கல்யாணத்துக்குக் கேட்ட வீடு

தன்சீல் அகமது 'சார்' என்று கூப்பிட்ட அன்றைக்கே கோதண்டபாணிக்குப் பயம் வந்துவிட்டது. பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பையன் அவரைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். முறை வைத்துக் கூப்பிட்ட வாய் திடீரென்று மரியாதை பேசுகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும்.

ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிற தெருவில் நயீம் அகமது சாயபுவின் பெரிய வீடு இருக்கிறது. அதன் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி அவருக்கே சொந்தமான சின்ன வீடு ஒன்று. கூடம், இரண்டு அறை, சமையற்கட்டு, பின்னால் குளியலறை. கோதண்டபாணி மனைவி செல்லம்மாளோடு அந்தச் சின்ன வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்தபோது தன்சீல் பிறக்கவே இல்லை. சாயபு போன மாசியில் இறந்துபோனார். நாற்பதாம் நாள் ஃபாத்தியா முடிந்த கையோடு மகன் வந்தான். படி ஏறவில்லை. கீழே நின்றபடி, செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சார், வீட்ட இடிச்சிட்டு ஃபிளாட் கட்டப் போறோம். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

"உள்ள வந்து உக்காந்து சொல்லு தம்பி."

"வேல இருக்குது சார். சீக்கிரமா பாத்துக்குங்க."

"உங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"அப்பாதான் இல்லியே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கோதண்டபாணி குடியாத்தத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆம்பூருக்கு வந்து ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. சாயங்காலம் கேட்டில் நின்று டிபன் கேரியர்களைத் திறக்கச் சொல்லுவார். அடித்தட்டில் மீந்த சோற்றுக்குக் கீழே மடித்து வைத்த தோல் துண்டை அவர் கண் தவறவிட்டதில்லை. வேலை போனாலும் கண் போகவில்லை. யாராவது இனிப்பு டப்பா கொடுத்தால்கூட அடியைத் தூக்கிப் பார்ப்பார். "புத்தி போவுதா பாரு" என்பாள் செல்லம்மாள்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். வாடகைக்கு ஒருநாளும் ரசீது வாங்கியதில்லை. ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் எழுதியதில்லை. மாதம் பிறந்ததும் சாயபு வீட்டு முன்கூடத்தில் போய் உட்காருவார், டீ வரும், பணத்தை மேஜைமேல் வைப்பார், சாயபு எண்ணாமல் எடுத்து ஜிப்பா பையில் போட்டுக்கொள்வார். ரசீது கேட்டால் சாயபுவை நம்பவில்லை என்று ஆகும். ரசீது கொடுத்தால் கோதண்டபாணியை நம்பவில்லை என்று ஆகும். இரண்டு மானஸ்தர்களும் ஒருவரையொருவர் அவமதிக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

அடுத்த மாத வாடகையைத் தன்சீல் வாங்கவில்லை. "வேணாம் சார், காலி பண்ணுங்க, போதும்" என்றான். பிறகு குழாயில் தண்ணீர் நின்றது. போர் மோட்டாரின் சுவிட்சு பெரிய வீட்டில் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் சொட்டும், அவ்வளவுதான். கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்று பதில் வந்தது. பெரிய வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் தினமும் கேட்டது. செல்லம்மாள் தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டார்.

டீக்கடை முனிரத்தினம் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தன்சீலு ஒரு பார்ட்டிய கூட்டியாந்து உன் வீட்ட காட்டிக்கினு இருந்தான்யா. உள்ள யாரு இருக்கறதுன்னு அந்தாளு கேட்டதுக்கு, வாட்ச்மேன்னு சொன்னான்."

"இன்னா சொன்னான்?"

"வாட்ச்மேன். எங்கப்பா பாவம் பாத்து வச்சிருந்தாரு, சொன்னா போய்டுவாருன்னு. என் காதால கேட்டேன். டீ ஆறுது, குடி."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கம்பெனியில் வாட்ச்மேன்கள் அவருக்கு சல்யூட் வைத்தவர்கள்.

மகள் கலையரசி அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பிரிசில்லா ஆம்பூர் கோர்ட்டில் வக்கீல். கோதண்டபாணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு ரசீது கூடவா இல்லப்பா? ஊர்ல அத்தன பேர் டிபன் கேரியரயும் தொறந்து பாத்தீங்களே!"

"அது கம்பெனிம்மா. இது கவுரவம்."

"கவுரவத்த ஜட்ஜுகிட்ட காட்ட முடியாதே. சரி, பயப்படாதீங்க. பேப்பர் இல்லாதது நமக்கு ஒரு கொறதான். அத வச்சு அவரு கேஸ் போடலாம். இடிச்சுக் கட்டணும்னும் கேஸ் போடலாம். ஆனா கேஸ் போட்டுத்தான் ஆகணும். வாடகைக் கோர்ட்டு உத்தரவு இல்லாம ஓனரே வந்து நின்னாலும் உங்கள வெளிய தள்ள முடியாது. தண்ணிய நிறுத்தறதும் சட்டப்படி தப்பு. வாடகை அதிகாரிகிட்ட மனு குடுத்தா திறந்துவிடச் சொல்லுவாங்க. வாடகைய மணியார்டர்ல அனுப்புங்க. ரெண்டு மாசம் திருப்பிட்டாருன்னா அந்த அதிகாரிகிட்டயே கட்டிடலாம்."

"அப்ப பயமில்ல."

"ஒரு எடத்துல இருக்குது. வாட்ச்மேன்னு அவரு சும்மா சொல்லல. நீங்க வாடகைக்காரரே இல்லன்னு சாதிச்சா இந்தச் சட்டம் எதுவும் உங்களுக்குக் கிடையாதுன்னு ஆயிடும். இன்னிக்கி உங்க கையில இருக்கற ஒரே பிடி, நீங்க அந்த வீட்டுக்குள்ள குடியிருக்கறதுதான். அதனால, யார் இன்னா சொல்லிக் கேட்டாலும் சரி, சாவிய மட்டும் குடுத்துடாதீங்க. நீங்களா சாவி குடுத்தா நீங்களா காலி பண்ணினதா ஆயிடும்."

முதல் மணியார்டர் திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. பிரிசில்லா மனுவை எழுதி அனுப்பினாள். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் 'நயீம் அகமது மகன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பேனா ஓடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஜன்னல் மேடைமேல் வைத்தார். அப்படி வைத்திருக்கும்போதுதான் தன்சீல் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான்.

இந்தத் தடவை படி ஏறினான். உட்கார்ந்தான். "பெரியப்பா" என்றான். 'சார்' என்றபோது வந்ததைவிட ஜாஸ்தி பயம் வந்தது அவருக்கு.

"நம்ம தங்கச்சி புஷ்ராவுக்குக் கல்யாணம் வச்சிருக்குது. மாப்ள வூடு வாணியம்பாடி, தோல் வியாபாரம். பெரியவங்க கொஞ்ச பேரு மொத நாளே வந்துடறாங்க. நம்ம சின்ன வீட்ட ரெண்டு நாளைக்கி ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா..."

"ம்."

"நீங்களும் பெரியம்மாவும் அரக்கோணம் போய் அக்காவ பாத்துட்டு வாங்க. கார் கூட ஏற்பாடு பண்றேன். சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"பத்திரிகைய குடுத்துட்டு ஊருக்குப் போவச் சொல்றியே தம்பி, நாங்க கல்யாணத்துக்கு வர வேணாமா?"

தன்சீல் ஒரு கணம் விழித்தான். "வராம? நிக்காஹ்வுக்கு நேரா ஹாலுக்கு வந்துடுங்க பெரியப்பா" என்று சிரித்தான். அவன் போன பிறகு கோதண்டபாணி இனிப்பு டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை.

அந்தத் தெருவில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பக்கத்து வீட்டார் வெளியூர் விருந்தாளிகளுக்குத் தங்கள் வீட்டை ஒழித்துக் கொடுப்பார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்ததில்லை. ஒழித்த வீட்டின் சாவியை ஒரு தட்டில் கற்கண்டோடு வைத்து, வீட்டுப் பெரியவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேட்டு இல்லையென்று சொன்ன வீடு அந்தத் தெருவில் கிடையாது.

"நம்ம கலையரசி கல்யாணத்துக்கு சாயபு இன்னா பண்ணாரு, சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள் செல்லம்மாள். "மாடி மொத்தத்தயும் ஒழிச்சாரு. தன் கட்டிலயே கழட்டி மாப்ள அப்பாவுக்குப் போட்டாரு. பொண்டாட்டி புள்ளைங்கள பேரணாம்பட்டுக்கு அனுப்பிட்டு, தட்டுல சாவிய வச்சுக்கினு நம்ம வாசல்ல வந்து நின்னாரு. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. சாயபு கேட்டா கதவயே கழட்டிக் குடுப்பேன். கேக்கறது சாயபு இல்லடி. சாவிய கேக்கறான். கார் வேற அனுப்பறானாம்!"

"கல்யாணம் அவனுதா? புஷ்ராவுது. என் இடுப்புல வளந்த பொண்ணு. அவளுக்கு ரெண்டு நாள் வீடு தராதவங்கன்னு பேர் வாங்கிக்கினு இந்தத் தெருவுல நான் தண்ணி பிடிக்கப் போவணுமா?"

மறுநாள் புஷ்ராவே வந்தாள். பழக்கம் போல நேரே சமையற்கட்டுக்குப் போய், கையில் ஒரு வடையோடு வெளியே வந்தாள். "அண்ணன் உங்ககிட்ட வீடு கேட்டானாமே பெரியப்பா? அவன் உங்ககூட முகம் குடுத்துப் பேசறதில்லன்னு அம்மீ அழுதுக்கினே இருந்தாங்க. இப்பத்தான் எனக்கு மனசு நெறஞ்சுது." அவள் கண்ணை உற்றுப் பார்த்தார். அதில் கள்ளம் இல்லை. அண்ணனுடைய கணக்கு தங்கைக்குத் தெரியாது என்பது நிச்சயமாயிற்று. அதனாலேயே அவரால் மறுக்கவும் முடியாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் தட்டில் கற்கண்டை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனார். தன்சீல் தட்டைப் பார்த்தான். சாவி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"வீடு தர்றேன் தம்பி. எத்தன பேர் வேணா வரட்டும். கூடமும் முன் ரூமும் அவங்களுக்கு. நாங்க ரெண்டு பேரும் பின் ரூம்ல ஒதுங்கிக்கறோம். குடியிருக்கறவங்க இல்லாத வீட்ல பெரியவங்களத் தங்க வச்சா மரியாத இல்ல."

"சாவி பெரியப்பா?"

"சாவி எதுக்கு? கதவு தொறந்தேதான் இருக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, சாவியில்லாத தட்டோடு அந்த வாசலில் நின்றது அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தெருவில் யாரும் அப்படி ஒரு தட்டை நீட்டியதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் விருந்தாளிகள் நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா ஹாஜியார், தாடி வெளுத்த பெரிய மனிதர். அவருடைய தம்பி, மகன், இன்னொரு உறவுக்காரர். அவர்களுக்கு முன்பே சீரியல் விளக்கு கட்ட ஒருவன் ஏணியோடு வந்திருந்தான். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஏணியைச் சாத்தினான். கரண்டை வெட்டப் போகிறானோ என்று கோதண்டபாணி ஸ்டூலைப் போட்டு ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, நான் வுழுந்தா பிடிக்கறதுக்கா?" என்றான் மேலே இருந்தவன்.

"நீ ஒயர எங்க சொருகறேன்னு பாக்கறதுக்கு."

விளக்கு எரிந்தது. கரண்டும் இருந்தது. அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே வந்தால் கூடத்தின் நடுவில் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போனைத் தட்டையாகப் பிடித்து, ஒரு சுவரைப் பார்த்தார், மெல்லத் திரும்பி அடுத்த சுவரைப் பார்த்தார், இரண்டடி நடந்தார், மறுபடி திரும்பினார். கோதண்டபாணிக்குச் சந்தேகம் வந்தது. இவர்தானா அந்தப் பார்ட்டி? விருந்தாளி என்று சொல்லி வீட்டை அளக்க அனுப்பியிருக்கிறானா?

"இன்னா அளக்கறீங்க?" குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

ஹாஜியார் திரும்பிப் புன்னகை செய்தார். "அளக்கல பெரியவரே. கிப்லா, தொழற தெச, எந்தப் பக்கம்னு பாக்கறேன். தொழுகை நேரம். இந்தப் போனு ஒரு தடவை இங்க காட்டுது, ஒரு தடவை அங்க காட்டுது."

கோதண்டபாணி மேற்குச் சுவரைக் காட்டினார். அங்கே கிடந்த நாற்காலிகளைத் தாமே நகர்த்தினார். செல்லம்மாள் பெட்டியிலிருந்து புதுப் போர்வையை எடுத்து விரித்தாள். தொழுகை முடிந்ததும் ஹாஜியார் ஒரு சின்ன டப்பாவை அவளிடம் கொடுத்தார். "சக்கரைக்கு ஊசி மருந்தும்மா. சில்லுன்னு இருக்கணும்." அவள் முட்டைத் தட்டை ஒதுக்கி ஃபிரிஜ்ஜில் இடம் செய்து வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் தன்சீலே ஒரு வேனோடு வந்தான். "மாமா, உங்க சாமானெல்லாம் இதுல ஏத்திடறேன். விருந்து முடிஞ்சதும் ஹால்லயிருந்து நேரா வாணியம்பாடி போய்டலாம். மறுபடி இங்க வர்ற பேஜார் எதுக்கு?" என்று பைகளைத் தானே தூக்கி வைத்தான். ஜமீன்தார் மாதிரி நடக்கிறவன் மூட்டை தூக்குவதைக் கோதண்டபாணி கதவோரம் நின்று பார்த்தார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று யோசித்தார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை வந்தது.

"நீ போய்ட்டு வா. நான் வீட்ட பாத்துக்கறேன்" என்றார் அவர்.

"நல்லா இருக்குதே. அப்பன் இல்லாத பொண்ணுக்கு அந்த எடத்துல நீங்க நிக்கணும்னு அவ அம்மீ சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க போங்க. நான் இருக்கேன்."

"உன்ன தனியா வுட்டுட்டா? எவனாவது வந்து வெளிய வாம்மான்னா இன்னா பண்ணுவ?"

"வெளக்குமாறு எதுக்கு இருக்குது?"

கடைசியில் இருவருமே போவது என்று ஆயிற்று. கோதண்டபாணி கதவைச் சாத்தி, பழைய திண்டுக்கல் பூட்டைப் போட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

ஹாலில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் அவர் மேடையைப் பார்க்கவில்லை, தன்சீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்சீல் எங்கேயாவது நழுவினால் தானும் எழுந்துவிடுவது என்று தீர்மானம். அவன் நழுவவில்லை. வந்தவர்களை வரவேற்றான், நிக்காஹ் நடத்தி வைக்கிற காஜியாருக்குப் பக்கத்தில் நின்றான், தங்கைக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓதி முடித்து, எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டபோது கோதண்டபாணிக்கே தன்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. சாயபு பெற்ற பிள்ளையை இப்படிக் காவல் காக்கிறோமே என்று.

பிரியாணி வாசனை வரத் தொடங்கியதும் ஹாஜியார் அவர் காதோரம் குனிந்தார். "பெரியவரே, சாப்பாட்டுக்கு முந்தி ஊசி போடணும். மருந்து உங்க ஃபிரிஜ்ஜில நின்னுபோச்சு. கார்ல போய் ஒரு நிமிஷத்துல வந்துடலாமா?"

ஹாஜியாரும் தம்பியும் மகனும் கோதண்டபாணியும் காரில் வந்து இறங்கினார்கள். அவர் சாவியை அவிழ்த்துக்கொண்டே படி ஏறினார். ஏறியவர் நின்றுவிட்டார்.

திண்டுக்கல் பூட்டு அப்படியே இருந்தது. அதற்கு மேலே, கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரு புதுச் சங்கிலி. சங்கிலியில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு.

எதிர்ச்சாரியிலிருந்து முனிரத்தினம் ஓடி வந்தான். ஹாஜியாரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, கோதண்டபாணியை ஓரமாக இழுத்தான். "கட்டட மேஸ்திரி வந்து மாட்டிட்டுப் போனான்யா. இன்னாடான்னு கேட்டதுக்கு, ஆளு காலி பண்ணிட்டாரு, ஓனர் பூட்டச் சொன்னாருன்னான். உனக்கு போன் போட்டேன், நீ எடுக்கல."

வேன் எதற்கு வந்தது என்று இப்போது புரிந்தது. விருந்தாளிகளின் சாமான் வெளியே போனால்தான் வீட்டைப் பூட்ட முடியும். ஹாலில் தன்சீலைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் காரியம் இங்கே முடிந்திருக்கிறது. டைம் ஆபீஸ் கண் தப்பான கேட்டைக் காவல் காத்திருக்கிறது.

"இன்னா ஆச்சு? இது யாரு போட்ட பூட்டு?" என்று கேட்டார் ஹாஜியார்.

ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், அவர் தம்பி, அவர் மகன், தெருவில் எட்டிப் பார்க்கிற இத்தனை முகம். இதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கோர்ட்டுக்கும் கிடைக்காது. அந்த வார்த்தை காரில் ஏறி ஹாலுக்குப் போகும். பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற வாணியம்பாடிக்காரர்கள் காதில் விழும். விருந்தாளி தங்கின வீட்டையே பூட்டின குடும்பத்திலிருந்து பெண் எடுத்தோம் என்று அவர்கள் சொல்லுவார்கள். அதைப் புஷ்ரா ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் கோதண்டபாணி. "கல்யாண நேரம், தெருவுல புது ஆளுங்க ஜாஸ்தி. பழைய பூட்டு ஒண்ணு போதாதுன்னு தோணிச்சு. சாவி தன்சீல்கிட்ட இருக்குது. வரச் சொல்றேன்."

முனிரத்தினத்தின் வாய் திறந்தது. அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

போனில் நிதானமாகப் பேசினார். "தன்சீலு, ஹாஜியாரு ஊசி மருந்து வீட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. பாதுகாப்புக்குன்னு ரெண்டாவதா ஒரு பூட்டு போடச் சொல்லியிருந்தேன் இல்ல? அந்தச் சாவிய எடுத்துக்கினு வா. அவரு சாப்பிடாம நிக்கறாரு."

அந்தப் பக்கத்திலிருந்து "வர்றேன்" என்று மட்டும் வந்தது.

ஷெர்வானியோடு பைக்கில் வந்து இறங்கினான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் புதுப் பூட்டைத் திறந்து சங்கிலியைக் கழற்றினான். ஹாஜியார் உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு, முகம் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"தன்சீல், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பெரியவர் நேத்திலிருந்து எங்கள இப்படிப் பாத்துக்கறாரே, இவரு யாரு உங்களுக்கு? வீடு இவருதா?"

கோதண்டபாணி தன்சீலைப் பார்த்தார். கேட்டில் நின்று டிபன் கேரியரின் கடைசித் தட்டைத் திறக்கச் சொன்ன அதே பார்வை.

"வீடு எங்களுதுதான் மாமா" என்றான் தன்சீல். "இவங்க எங்க வாடகைக்காரங்க. அப்பா காலத்துலயிருந்து வாடகை குடுத்துக்கினு இருக்காங்க. எனக்குப் பெரியப்பா மாதிரி."

"கிராயேதாரா!" ஹாஜியார் தம்பியிடம் திரும்பினார். "நம்ம கிராயேதார் வாடகை கேக்கப் போனா பின்பக்கமா ஓடறான். இங்க பாரு, வீட்டையே ஒழிச்சுக் குடுத்திருக்காரு. நயீம் பாய் குடுத்து வச்சவரு." எல்லோரும் சிரித்தார்கள். தன்சீலும் சிரித்தான்.

கார் கிளம்பியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்காகச் சொல்லல. பூட்ட குடு. சங்கிலியயும்."

கொடுத்தான். இரண்டு சாவிகளையும் கொடுத்தான்.

"இந்தப் பூட்டுக்கு மூணு சாவி வரும்."

"ஒண்ணு மேஸ்திரிகிட்ட இருக்குது."

"வாங்கிக் குடுத்துட்டுப் போய் விருந்த கவனி."

திங்கட்கிழமை மனுவில் கையெழுத்துப் போட்டுப் பிரிசில்லாவிடம் கொண்டுபோனார். நடந்ததைக் கேட்டு அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"பூட்டினத கையும் களவுமா பிடிச்சிட்டு, நான்தான் பூட்டினேன்னு சொன்னீங்களா? உங்கள வச்சுக்கினு நான் எப்படிப்பா கேஸ் நடத்தறது?" கொஞ்சம் ஆறிய பிறகு கேட்டாள். "வாடகைக்காரர்னு அவரு வாயால சொன்னாரா? ஹாஜியார் முன்னாடி? அது போதும். ஹாஜியார் ஊரே வாணியம்பாடிதான், விசாரணையும் அங்கதான். ஒரு நிமிஷம் வந்து சொல்லட்டும்."

"அது நடக்காது. சம்பந்தி வீட்டு மனுஷன என் வழக்குக்கு இழுக்க மாட்டேன்."

"அப்ப வாட்ச்மேன்னு அவரு எழுதிக் குடுத்தா?"

"குடுக்கட்டும்."

"வீடு போய்டும்ப்பா!"

அவர் மனுவை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். செல்லம்மாள் அன்றும் தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடித்தாள்.

விசாரணைக்கு வாணியம்பாடிக்குப் போனபோது தன்சீல் தன் வக்கீலோடு முன்பே வந்திருந்தான். வக்கீல் கையில் தட்டச்சு செய்த பதில் இருந்தது. தன்சீல் அதைப் பார்க்கவில்லை. கோதண்டபாணியைப் பார்த்தான், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினான். ஒரு தடவை வெள்ளைத் தாடி வைத்த யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனபோது அவன் முகம் வெளுத்தது. கோதண்டபாணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒப்பந்தம் இல்ல, ரசீது இல்ல. முதல்ல இத சொல்லுங்க. இவர் உங்க வாடகைதாரர்தானா?"

வக்கீல் பதிலை நீட்டுவதற்கு எழுந்தார். அதற்குள் தன்சீல் சொன்னான். "ஆமா சார். வாடகைக்காரர்தான். அப்பா காலத்துலயிருந்து."

வக்கீல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், வாடகையை வாங்கிக்கொண்டு ரசீது தர வேண்டும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று அதிகாரி சொன்னார். இடித்துக் கட்டுவதானால் வாடகைக் கோர்ட்டுக்குப் போகலாம், அதுவரை பெரியவர் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். பிரிசில்லா மேஜைக்குக் கீழே கோதண்டபாணியின் கையை அழுத்தினாள்.

வெளியே பஸ் நிறுத்தம் வரைக்கும் தன்சீல் பின்னாலேயே வந்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஹாஜியார வரச் சொல்லியிருந்தீங்களா?"

கோதண்டபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அவன் நம்பப்போவதில்லை. நம்பாமல் இருப்பதே நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

"பெரியம்மா குடத்தோட நிக்கறா. முதல்ல மோட்டார் சுவிட்ச போடச் சொல்லி வீட்டுக்கு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஆம்பூர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தன்சீல் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னும் அந்த ஆபீஸ் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.